நாங்கள் 'பொய்' என்று முத்திரை குத்திய செய்தி

போன வாரம் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ஃபோன். என் இடத்துக்கு வந்திருக்கிற சமூக அறிவியல் ஆசிரியை பேசினாள். சின்னப் பெண், நல்ல சுறுசுறுப்பு. "டீச்சர், இப்ப ஏஐய வச்சு ஒரு ஆளோட குரலையே செஞ்சிடுறாக. அதைக் கண்டுபிடிக்க ஒரு ஆப் வந்திருக்கு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போறேன். நீங்கதான இங்கன இதெல்லாம் ஆரம்பிச்சு வச்சது? அந்தக் கதைய எழுதித் தாங்க, ஆண்டு மலர்ல போடலாம்" என்றாள். அவள் பெருமையாகத்தான் கேட்டாள். அந்தக் கதை எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாது.

நான் பயந்த சுபாவம். கேஸை மூடிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து மூடியிருக்கிறதா என்று பார்க்கிற ரகம். பிள்ளைகளின் மதிப்பெண்ணை மூன்று தடவை கூட்டிப் பார்த்தால்தான் எனக்குக் கையெழுத்து வரும். இப்படிப்பட்டவளிடம் போய், "வாட்ஸ்அப்பில் வருவதை எல்லாம் நம்பாதே, சோதித்துப் பார்" என்று சொல்லிக்கொடுக்கிற வேலையைக் கொடுத்தார்கள். "ஆளைப் பார்த்துத்தான் கொடுத்திருக்காக" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

மதுரையில் பி.எட்., முதல் வேலை கோம்பையில், அப்புறம் இரண்டு மூன்று மாறுதல், கடைசியாகக் கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இந்தப் பள்ளிக்கூடம். இருபத்தெட்டு வருடம் உலக வரைபடமும் குச்சியுமாகப் பாடம் நடத்தியவள், ஹைடெக் லேப் வந்ததும் ஐந்து நாள் பயிற்சிக்குப் போனேன். முதல் இரண்டு நாள் மவுஸைப் பிடிக்கவே சரியாகப் போயிற்று. மூன்றாம் நாள்தான் ஒரு படத்தைக் கொடுத்து, அது இதற்கு முன் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று தேடுகிற வித்தையைக் காட்டினார்கள். எனக்கு அது ஒன்றே போதும் என்று ஆகிவிட்டது. சந்தேகப் பிராணிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்தேன். வாரம் ஒரு பாடவேளை. வீட்டில் அப்பா அம்மா ஃபோனுக்கு வந்த செய்திகளைப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருவார்கள். லேப்பில் உட்கார்ந்து சோதிப்போம். முதலில் மாட்டியது 'கனமழை காரணமாக நாளை விடுமுறை' என்ற அறிவிப்பு. பழைய அறிவிப்பில் தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள். தேதியின் எழுத்து கொஞ்சம் தடிமனாக இருந்ததை வைத்துப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த பிறகு அவர்களுக்கே வருத்தம். அப்புறம் அருவியில் மலைப்பாம்பு, பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று எத்தனையோ. எல்லாவற்றுக்கும் ஒரு முத்திரை போடுவோம். பச்சையில் 'உண்மை', சிவப்பில் 'பொய்'. இரண்டுதான். அந்த முத்திரைகளைக் கம்ப்யூட்டரில் வரைந்தவள் கவுசல்யா. தேடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் விடையோடு நிற்பாள்.

முத்திரை போட்டதைப் பெற்றோர் குரூப்பில் போட்டுவிடுவோம். பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு ஃபோன் உண்டு, அதிலிருந்துதான் போகும். கொஞ்ச நாளில் ஊரில், "பள்ளிக்கூடத்துல முத்திரை போட்டாகளா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மறைப்பானேன்?

எங்கள் தலைமையாசிரியை மரகதம் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பார்க்காமல் அந்த ஃபோனிலிருந்து ஒரு வரி வெளியே போகாது. பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதில்லை. முதலில் தானே சத்தமாகப் படிப்பார். பிறகு அலுவலக உதவியாளராக இருந்த அம்மாவைக் கூப்பிட்டு, "ஏத்தா, இதைப் படி" என்று கொடுப்பார். அந்த அம்மா எட்டாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டிப் படிப்பார். படித்து முடித்ததும் மரகதம் அம்மா கேட்பது ஒரே கேள்வி. "இதைப் படிச்சா நீ என்ன செய்வே?" பெற்றோர் கூட்டத்துக்கு நாங்கள் எழுதிய அழைப்பைப் படித்துவிட்டு அந்த அம்மா ஒருமுறை, "என்னமோ கோவிச்சுக்கிட்டு எழுதுனாப்புல இருக்கு, போக மாட்டேன்" என்றார். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதச் சொன்னார் மரகதம் அம்மா. இதற்கே அரை மணி நேரம் ஆகும். ஆசிரியர்கள் நாங்கள் பின்னால் சிரிப்போம். 'ஒரு மெசேஜுக்கு இவ்வளவு சடங்கா' என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அந்த நாள் ஐப்பசியில். தேனியில் கூட்டம் என்று மரகதம் அம்மா காலையிலேயே போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் மலை ஏறும். மலை உச்சியில் இருக்கிற மெட்டைத் தாண்டினால் கேரளா, ஏலத்தோட்டங்கள். காய் எடுக்கப் பெண்கள் போவார்கள், பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவார்கள். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாமார் அப்படிப் போகிறவர்கள்தான். கவுசல்யாவின் அம்மா ஈஸ்வரியும் போவார். காதர் என்பவரின் ஜீப்பில் மொத்தம் பதினொரு பேர்.

பதினொன்றரை மணிக்கு ஒரு பையன், சோறு கொண்டுவந்த தன் அப்பாவின் ஃபோனில் பார்த்ததைச் சொன்னான். பள்ளிக்கூட ஃபோனுக்கும் அது வந்திருந்தது. 'மெட்டுப் பாதையில் மண் சரிவு. ஜீப்புகள் மேலேயே நிற்கவும். யாரும் இறங்க வேண்டாம். அனைவருக்கும் பகிரவும்.' கூடவே ஒரு படம். சிவந்த மண் பாதி ரோட்டை மூடி, அதில் ஒரு பஸ் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

அடுத்த பாடவேளை லேப். படத்தைப் போட்டுத் தேடினார்கள். நாலே நிமிடம். "டீச்சர், இது நம்ம மலையே இல்ல!" என்று கவுசல்யா கையைத் தூக்கினாள். அந்தப் படம் நாலைந்து வருடத்துக்கு முந்தியது. கேரளாவில் எங்கோ வடக்கே எடுத்தது. ஒரு மலையாளச் செய்திப் பக்கத்தில் ஊர்ப் பேரோடு கிடந்தது. போதாததற்கு 'அனைவருக்கும் பகிரவும்' என்று வேறு இருக்கிறது. அப்படி முடிகிற செய்தியைச் சந்தேகப்படு என்று நான்தான் சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேப்பமரத்து மேலே வெயில் சுள்ளென்று அடித்தது.

மரகதம் அம்மாவுக்கு ஒரு தடவை ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. கூட்டத்தில் இருப்பார்.

"போடுங்க டீச்சர், பாவம், அம்மாவெல்லாம் பயந்துக்கிருவாக" என்றார்கள் பிள்ளைகள். மேலே ஒரு பாறைப் பக்கம்தான் டவர் கிடைக்கும், பெண்கள் சோற்றுத் தூக்கோடு அங்கே போய் உட்கார்ந்து ஒரு மணிக்குச் சாப்பிடுவார்கள், அப்போது பார்ப்பார்கள் என்று கவுசல்யாதான் சொன்னாள். நான் சிவப்பு முத்திரையை ஒட்டி, கீழே எழுதினேன். 'பயப்பட வேண்டாம். இது பழைய படம். செய்தி பொய்.' மதிப்பெண்ணை மூன்று தடவை கூட்டுகிறவள் இதை ஒரே தடவை படித்தேன். அனுப்பிவிட்டேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். சாப்பாட்டு மணி அடித்தது.

மூன்று மணிக்கு ஜீப் ஸ்டாண்டிலிருந்து ஒருவர் பள்ளிக்கூட ஃபோனில் கூப்பிட்டார். "டீச்சர், பிள்ளைககிட்டச் சொல்லிவைங்க. மேல ஏழாவது வளைவுல காலையிலேயே மண்ணு விழுந்திருக்கு. இப்பத்தேன் பெருசா இறங்கிருச்சு. போலீஸ்காரவுக பாதைய அடைச்சுக் கேட்டப் போட்டுட்டாக. மேல நல்ல மழையாம்."

"காதர் வண்டி?" என்றேன்.

"அவுக எடுத்துட்டாகளா இல்லையான்னு தெரியல டீச்சர். லைன் கிடைக்கல."

நான் லேப்பில் தனியாக இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இனி எழுதப்போவதை இத்தனை நாள் வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை. ஃபோனை வைத்ததும் என் விரல் எங்கே போனது தெரியுமா? மேலே இருக்கிற பெண்களைக் கூப்பிடப் போகவில்லை. குரூப்பைத் திறந்தேன். அந்தச் சிவப்பு முத்திரையை அமுக்கிப் பிடித்தேன். 'அனைவருக்கும் நீக்கு' என்பதைத் தொட்டேன். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்ததும் ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

திரும்பினால் கவுசல்யா. லேப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தவள், என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஃபோனில் அவர் பேசியதும் காதில் விழுந்திருக்கிறது.

"எங்கம்மா அதைப் பாத்துருச்சான்னு பாருங்க டீச்சர்" என்றாள்.

யார் யார் பார்த்தார்கள் என்று பார்க்கிற வழி உண்டு. அனுப்பிய செய்தியின் உள்ளே போனால் பேர் பேராக, நேரத்தோடு இருக்கும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஆனால் செய்தி இருந்தால்தானே உள்ளே போக! அதைத்தான் அழித்துவிட்டேனே. ஈஸ்வரி பார்த்தாரா, பார்க்கவில்லையா, தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை என் கையாலேயே மூடியிருந்தேன். அதோடு போகவில்லை. டவர் இல்லாத ஃபோனில் நான் அழித்ததும் போய்ச் சேராது. ஊரில் எல்லோர் ஃபோனிலிருந்தும் முத்திரை போய்விட்டது. யார் கையில் அது இருக்கக் கூடாதோ அவர்கள் கையில் மட்டும் அப்படியே இருந்தது.

"டவர் இல்ல கண்ணு" என்று மழுப்பினேன்.  ஈஸ்வரி நம்பரைப் போட்டோம். அந்தப் பக்கத்து டவரின் மலையாளப் பெண்குரல்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஏழெட்டுத் தடவை போட்டிருப்போம். அந்தக் குரலின் நிதானம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றரைக்கு மரகதம் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். ஸ்டாண்டில் விஷயம் கேள்விப்பட்டுத்தான் வந்திருக்கிறார். நான் அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்.

"டீச்சர், படம் பொய்யா, சேதி பொய்யா?"

"படம்..."

"சேதிய யாருகிட்டக் கேட்டீக?"

யாரிடமும் கேட்கவில்லை. காதர் நம்பர் வகுப்பில் பத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். மெட்டில் டீக்கடை வைத்திருப்பவர் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் தாய்மாமன். காலையில் ஒரு ஃபோன் போட்டிருந்தால் போதும். மண் விழுந்ததைக் கண்ணால் பார்த்த யாரோ பதறிப்போய், கையில் கிடைத்த பழைய படத்தைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் உலகமெல்லாம் தேடிப் படத்தைப் பிடித்துவிட்டு, எட்டு மைல் தூரத்தில் இருக்கிற பாதையை விட்டுவிட்டோம்.

"இப்ப குரூப்புல என்ன இருக்கு?"

"எடுத்துட்டேன் மேடம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எடுத்துட்டீகளா? அப்பப் பாத்தவுக என்ன நெனைப்பாக?" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். ஒரு காகிதத்தை எடுத்து எழுதினார். 'மதியம் பள்ளியிலிருந்து போட்டது தவறு. பாதையில் மண் சரிந்தது உண்மை. யாரும் ஜீப்பில் இறங்க வேண்டாம்.' கீழே தன் பேரைப் போட்டார். என் பேரை இல்லை. அந்த அவசரத்திலும் சத்தமாகப் படித்தார். அப்புறம் காகிதத்தைக் கவுசல்யாவிடம் நீட்டினார்.

"இதைப் படிச்சா உங்கம்மா என்ன செய்யும்?"

அவள் இரண்டு தடவை படித்தாள். "இறங்காது டீச்சர்."

"அனுப்புங்க" என்றார்.

அனுப்பினோம். உள்ளே போய்ப் பேர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊரில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். ஈஸ்வரி பேர் வரவில்லை. நாலு மணி. வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டது. ஒரே ஆட்டோவில் மூன்று பேரும் மலையடிவாரத்துக்குப் போனோம். போலீஸ் கேட்டுக்குப் பக்கத்தில் ஆணும் பெண்ணுமாகக் கூட்டம். மேலே மலை தெரியவில்லை, மேகம் மூடியிருந்தது. கவுசல்யா என் கையில் இருந்த ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. குலதெய்வத்திலிருந்து குச்சனூர் சனீஸ்வரர் வரைக்கும் ஒருவரையும் நான் விட்டுவைக்கவில்லை.

ஆறு மணி வாக்கில் வளைவில் ஆட்கள் தெரிந்தார்கள். நடந்து வந்தார்கள், இடுப்புவரை சேறு. கவுசல்யா ஓடினாள். ஈஸ்வரி இருந்தார். காதர் இருந்தார். ஒரு கம்பளியில் மாரியாயி என்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜீப் ஏழாவது வளைவை நெருங்கும்போது மேலேயிருந்து கல் உருண்டிருக்கிறது. எல்லோரும் குதித்துவிட்டார்கள். மாரியாயியின் கால் மட்டும் வண்டிக்கும் திட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. இரண்டு இடத்தில் முறிவு. அவர் அதற்குப் பிறகு மலைக்குப் போனதில்லை.

நான் ஈஸ்வரியிடம் போனேன். என்ன சொல்ல நினைத்தேன் என்று நினைவில்லை. அவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டே பேசினார்.

"காதர் அண்ணே எடுக்க மாட்டேன்னுதேன் சொன்னாரு டீச்சர். மண்ணு விழுந்திருக்காம்ல, இங்கனயே இருந்துக்கிருவம்னாரு. நாங்கதேன் விடல. பள்ளிக்கூடத்துலயே பொய்யின்னு போட்டுட்டாக, எம் மகதேன் கண்டுபிடிச்சிருப்பா, பேசாம வண்டிய எடுங்கண்ணேன்னு சண்டை போட்டோம்."

அதில் குற்றச்சாட்டே இல்லை. மகளின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிற குரல். கவுசல்யா அம்மாவின் சேலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். போகும்போது ஈஸ்வரி, "இனிமே மழைன்னா உங்களக் கேக்காம வண்டியில ஏற மாட்டோம் டீச்சர்" என்று வேறு சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் மரகதம் அம்மா என் பாடவேளைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். "இன்னைக்குச் சோதிக்கிறதுக்கு வேற சேதி வேணாம். நம்ம சேதியப் போடுங்க" என்றார். நான் பள்ளிக்கூட ஃபோனில் இருந்த குரூப்பை அப்படியே ப்ரொஜெக்டரில் போட்டேன். அந்த முத்திரையைப் போட்ட பழைய படம் கம்ப்யூட்டரில் இருந்தது, அதையும் பக்கத்தில் போட்டேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொல்ல, கரும்பலகையில் எழுதினேன். படத்தைச் சோதித்தோம். தேதியைச் சோதித்தோம். 'பகிரவும்' என்ற சொல்லைப் பார்த்தோம். பாதையில் இருக்கிற ஆளைக் கேட்கவில்லை. மேலே மழை பெய்கிறதா என்று கேட்கவில்லை. "நமக்கு ரெண்டே முத்திரைதான டீச்சர் இருந்துச்சு, தெரியலன்னா எதைப் போடுறது?" என்று ஒரு பையன் கேட்டான். 'தெரியவில்லை' என்று மூன்றாவதாக ஒன்று அன்றைக்குத்தான் வந்தது. மஞ்சள் நிறம். இப்போது இருக்கிற டீச்சரின் கையில் இருக்கிற முத்திரைக் கோப்பில் மூன்று முத்திரை எப்படி வந்தது என்ற கதை இதுதான்.

பாடம் முடிகிற நேரம். எல்லாம் ஒழுங்காகப் போய்விட்டது என்று நினைத்து, கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினேன். முன் பெஞ்சில் ஒரு பெண் திரையைக் காட்டினாள்.

"டீச்சர், அங்கன 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது'ன்னு இருக்கே. அதை அழிச்சது யாரு?"

அந்த ஃபோனைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் அவரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் என்றால் அழிக்கச் சொல்வார்கள் என்பது அவர்கள் கணக்கு. நான் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். மரகதம் அம்மாவும் மறுத்திருக்க மாட்டார். அவர் சுபாவம் எனக்குத் தெரியும்.

"நான்தான்" என்றேன்.

"எதுக்கு டீச்சர்?"

"பயத்துல."

கவுசல்யா எழுந்தாள். எழுந்து கேள்வி கேட்கிற பிள்ளை இல்லை அவள், விடை சொல்லத்தான் எழுவாள். அவள் என்னிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்கம்மாவுக்காகப் பயந்தீகளா டீச்சர், உங்களுக்காகப் பயந்தீகளா?"

நாற்பது பிள்ளைகள்.  முப்பது வருடத்தில் என்னிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள், தெரியாததற்கெல்லாம் நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்திருக்கிறேன். இதற்கு விடை எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"எனக்காகத்தான் கவுசல்யா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள்.